உபவாச நாளில் ஒரு பிரியாணி

மூன்று வருடங்களுக்கு முன்பு, பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நடந்தது இது. நான் அங்கே ஆசிரியை. எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துவது நான்தான். ஞானஸ்நானம் எடுத்து அப்போதே இருபத்தாறு வருடம். யாராவது கஷ்டம் என்று வந்தால், அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் "ஜெபிக்கிறேன்" என்ற வார்த்தை என் வாயில் வந்து நிற்கும்.

பள்ளியில் சத்துணவு சமைக்கும் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். இந்துக் குடும்பம். அவருடைய கணவருக்குக் கழுத்தில் கட்டி. வெள்ளிக்கிழமை தருமபுரியில் ஆபரேஷன். கேன்சராக இருக்குமோ என்ற பயத்தில் அந்த அம்மாவின் முகமே செத்துப்போயிருந்தது.

"டீச்சர், எங்க வூட்டுக்காரருக்கும் சேத்து வேண்டிக்கங்க" என்றார்.

வெறுமனே சரி என்று சொல்லியிருக்கலாம். நான்தான் பெரிய விசுவாசியாயிற்றே. வெள்ளிக்கிழமை முழுக்க உபவாசம் இருந்து ஜெபிக்கிறேன், தைரியமாகப் போங்கள் என்றேன்.

"எங்க ஒருபொழுது மாதிரிங்களா?"

அதெல்லாம் இல்லை, ஒரு வேளைச் சாப்பாடுகூடக் கிடையாது, சாயங்காலம் வரை தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, ஓய்வு பெறப்போகும் தலைமையாசிரியர் எங்கள் எல்லோருக்கும் மட்டன் பிரியாணி வரவழைத்திருந்தார். நான் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நாக்கை அடக்க முடியாமல் சாப்பிட்டிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன். எனக்கு ஞாபகமே வரவில்லை. அன்று முழுக்க அவர்களுக்காக ஒரு வரி ஜெபம்கூடச் செய்யவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். நேராக என் வகுப்பு வாசலுக்குத்தான் வந்தார். கெட்ட கட்டி இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டதாம்.

"ஆபரேஷன் அன்னிக்கி வெளிய உக்காந்திருந்தனுங்க. பக்கத்துல இருந்தவங்க இட்லி வாங்கியாந்து குடுத்தாங்க. அங்க டீச்சர் நமக்காகப் பட்டினி கெடக்கறாங்க, நாம எப்பிடி சாப்புடறதுன்னு வாணாமின்னுட்டேன். சாயங்காலம் வரைக்கும் வெறும் தண்ணிதாங்க."

அந்த நொடியிலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "கர்த்தருக்கே ஸ்தோத்திரம்." அதைவிடப் பெரிய பொய்யை நான் இதுவரை சொன்னதில்லை.

கேவலம் அதோடு நிற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, கர்த்தரை அறியாத ஒரு சகோதரியின் வீட்டில் அவர் செய்த அற்புதம் என்று ஆரம்பித்தேன். உபவாசம் இருந்தேன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சபையே ஆமென் சொன்னது. உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு உண்மையிலேயே பட்டினி கிடந்தவர், நான் "அறியாதவர்" என்று சொன்ன அந்த அம்மாதானே.

மறுநாள் காலை சமையலறைக்குப் போனேன். பிள்ளைகளுக்கு வேகவைத்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பிரியாணி உட்பட. அவர் தலை நிமிரவில்லை. நாலைந்து முட்டை உரித்த பிறகுதான் கேட்டார்.

"அப்ப அன்னிக்கி நான் ஒருத்திதானுங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கூட ஓர் ஆள் இருக்கிறார் என்று நம்பித்தானே அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். இப்போது அந்தத் துணையையும் நான் பிடுங்கிவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். முட்டை ஆறிவிடும் என்று சொல்லி வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அதன் பிறகு பார்த்தால் வணக்கம் வைப்பார், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் அவராகவே வந்தார்.

"புதன்கிழமை மறுபடி ஸ்கேன் எடுக்க வரச்சொல்லியிருக்காங்க. நான் அன்னிக்கி ஒருபொழுது. உங்களைக் கேக்கலீங்க டீச்சர். சும்மா சொன்னேன்."

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் புதன்கிழமை மதியம் மணி அடித்ததும் காலி வகுப்பில் தனியாக உட்கார்ந்தேன். பசி வயிற்றைக் கிள்ளியது. அலங்காரமான வார்த்தை ஒன்றும் வரவில்லை. அந்த அம்மா இப்போது வெளியே உட்கார்ந்திருப்பார், கூட இருங்கள் ஆண்டவரே என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அதைப் பற்றி அவரிடம் இன்று வரை சொல்லவில்லை.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. இப்போது நாங்கள் பழையபடி பேசிக்கொள்கிறோம். ஆனால், ஜெபிக்கச் சொல்லி அவர் என்னிடம் மறுபடி கேட்டதே இல்லை. சபையில் நான் சொன்ன சாட்சியைத் திருத்தவும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இதை எழுதுவதே அதற்கு ஒத்திகைதான்.

இப்போதெல்லாம் யாராவது ஜெபிக்கச் சொன்னால், அந்த இடத்திலேயே கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாலே, "அப்ப அன்னிக்கி நான் ஒருத்திதானுங்களா" என்று கேட்ட அந்தக் குரல் எனக்குக் கேட்டுவிடுகிறது.