இரண்டு மில்லிமீட்டர் அதிகம்

மைசூரில் நடக்கும் கார் ராலிகளில் வண்டிகளைச் சோதித்து அனுப்பும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். வார நாட்களில் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் ஆசிரியர். ராலி வந்தால் கையில் டார்ச்சும் விதிப்புத்தகமுமாக நின்று, எந்த வண்டி எந்தப் பிரிவில் ஓடலாம் என்று முடிவு சொல்கிறவன். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

ஹனூரிலிருந்து ஒரு டிராக்டர் மெக்கானிக் வருவார். என்னைப் போலத் தமிழர். பழைய சின்னக் கார் ஒன்றைத் தானே பிரித்துச் சேர்த்து ஓட்டினார். ஒருமுறை அவருடைய டயர் அகலம் கூடுதல் என்று சொல்லி வண்டியை நிறுத்திவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. என் கையிலிருந்தது பழைய புத்தகம், அந்த அளவை இந்த வருடம் மாற்றிவிட்டார்கள் என்று மெதுவாகச் சொல்லி, தன்னிடமிருந்த புதுப் புத்தகத்தில் பக்கத்தைக் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. மற்ற சோதகர்கள் சிரித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த என் மாணவர்களும் சிரித்தார்கள்.

அடுத்த வருடம் அவர் மாற்றம் செய்யாத வண்டிகளுக்கான பிரிவில் பெயர் கொடுத்திருந்தார். அந்தப் பிரிவில் இன்ஜின் கம்பெனி கொடுத்தபடியே இருக்க வேண்டும். பானட்டைத் திறந்து டார்ச் அடித்ததுமே தெரிந்துவிட்டது. இன்ஜினுக்குள் காற்றை விடுகிற த்ராட்டில் பாடியில் வேறு எண். அதே கம்பெனியின் பெரிய மாடலுடையது. வாய் இரண்டு மில்லிமீட்டர் அகலம் அதிகம். பழையது உடைந்திருக்கும், கிடைத்ததைப் போட்டிருப்பார். ஏமாற்ற நினைத்தவர் எண்ணைத் தேய்க்காமல் விட்டிருக்க மாட்டார்.

அப்போதே சொல்லியிருந்தால், படிவத்தில் ஒரு வரியை மாற்றி அவரை மாற்றம் செய்த வண்டிகளின் பிரிவில் ஓட விட்டிருக்கலாம். அன்று மாலைவரை அதற்கு அனுமதி இருந்தது.

"எல்லாம் சரியா இருக்குதுங்களாண்ணா?" என்று கேட்டார்.

"சரி இதே, ஹோகி" என்று, சரியாக இருக்கிறது போங்கள் எனக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, சோதனை முடிந்ததற்கான ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டினேன்.

இரண்டு நாள் தைலமரத் தோப்பு மண்பாதைகளில் அவர் ஓட்டியதைப் போல அந்தப் பிரிவில் யாரும் ஓட்டவில்லை. முதலிடம். பரிசளிப்பைப் பார்க்க மனைவியும் பள்ளிக்கூடம் போகிற மகளும் ஹனூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தார்கள். மகள் புதுப் பாவாடை உடுத்தியிருந்தாள்.

ஜெயித்த வண்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தலைமைச் சோதகரிடம் நான்தான் கேட்டேன். பிரித்துக் கொடுப்பது வண்டிக்காரரின் பொறுப்பு. அவருக்கு உதவிக்கு ஆள் கிடையாது. அவரே ஸ்பேனரை எடுத்து, கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே கூட்டம் பார்க்க, தன் கையாலேயே கழற்றித் துணியில் துடைத்து என்னிடம் நீட்டினார். நான் காலிப்பரை வைத்து அளவைச் சத்தமாகப் படித்தேன். ஒருமுறை போதும், மூன்றுமுறை படித்தேன்.

வெற்றி ரத்து, ஒரு வருடத் தடை. கூட்டத்தில் யாரோ கள்ளன் என்றார்கள். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னைக்கே பாத்தீங்களாண்ணா?"

"பார்த்தேன்" என்றேன். இந்த முறை தமிழில்.

அவர் திரும்பிப் போய் ஸ்பேனர்களைப் பொறுக்கினார். மகள், கோப்பையை எப்போது தருவார்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். சந்தோஷமாகவே இருந்தது. அடுத்த வருடம் என்னைத் தலைமைச் சோதகராக்கினார்கள். கண் கூர்மையான ஆள் என்று பேச்சு; முதல் சோதனையில் அது எப்படித் தப்பியது என்று யாரும் கேட்கவில்லை.

தடை முடிந்தும் அவர் வரவில்லை. காரை விற்றுவிட்டதாகவும், ஊரில் சிலர் அவரிடம் டிராக்டரை விடுவதில்லை, சாமானை மாற்றிவிடுவார் என்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹனூரில் அவர் பட்டறைக்குப் போனேன். டிராக்டருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

"அது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றார். "பஸ்ஸு மூணு மணிக்கு இருக்குது."

திரும்பவும் டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பஸ் வரும்வரை சாலையின் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். அவர் வெளியே வரவில்லை.