நிருபமா சொல்லாத பொய்

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் நிருபமாவை அடுகோடியில் யாரும் நிறுத்திப் பேசுவதில்லை. பேச்சுக் கொடுத்தால் கூடவே ஓட வேண்டியிருக்கும். அல்சூரில் பிறந்து கல்யாணமாகி அடுகோடிக்கு வந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கறிக்கடையில் உருது. மூன்றிலும் ஒரே வேகம்.

குழந்தைகளுக்கான புற்றுநோய் வார்டில் அவளுக்கு இருபது வருஷம் ஆகப்போகிறது. ஊசியோடு வந்து நிற்கும்போது 'வலிக்காது கண்ணு' என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'வலிக்கும். மூணு எண்ணு, முடிஞ்சிடும்' என்பாள். மூன்று எண்ணுவதற்குள் முடித்தும் விடுவாள். அதனாலேயே அந்த வார்டுப் பிள்ளைகள் அவள் கைக்குத்தான் கையை நீட்டும்.

அப்படிக் கையை நீட்டியவர்களில் ஒருத்தி அனன்யா. பதினொரு வயது, ரத்தப் புற்றுநோய். அப்பா பாலகுமார் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து முதலில் அவர் மட்டும் வேலைக்கு வந்தார். நாலைந்து வருஷம் கழித்துத்தான் மனைவி சௌம்யாவையும் மகளையும் அழைத்துக்கொண்டார். அவர்கள் வந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு ஆஸ்பத்திரி. இங்கே பள்ளிக்கூட வாசலைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை.

சேர்த்த அன்றே பாலகுமார் டாக்டர் வீணாவிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அவரிடம் கன்னடத்தில்தான் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் பழகிய கன்னடம் அவருக்குப் போதும். மகளுக்கு ஒரு வார்த்தை தெரியாது, அதனால் கட்டில் பக்கத்திலேயே நின்று பேசலாம், பிள்ளை பயப்படாது. அப்படியே நடந்தது. முதல் சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பி வந்தது, அடுத்த மருந்தும் தோற்றது, எல்லாம் அனன்யாவின் தலைமாட்டில் கன்னடத்தில் பேசப்பட்டன. பேச்சு முடிந்ததும் பாலகுமார் திரும்பி, 'டாக்டர் குட்னு சொல்றாங்கடா' என்பார். அனன்யா தலையாட்டுவாள்.

ஒரு நாள் மதியம் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா, ஆனேக்கல் சந்திரம்மா, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். இந்த இட்லியைச் சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் கட்டுப் போட வேண்டும் என்பது அதன் சாரம். அனன்யா களுக்கென்று சிரித்தாள். உடனே அந்தச் சிரிப்பை இருமலாக்கிப் போர்வைக்குள் ஒளித்தாள்.

சலைன் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்த நிருபமா அதைப் பார்த்துவிட்டாள். சௌம்யா துணி துவைக்கப் போகும் வரை பொறுத்திருந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எவ்ளோ நாளா உனக்குக் கன்னடம் புரியுது?"

"மாசக்கணக்கா இங்கயே கெடக்கறேன், வேற இன்னா வேல எனக்கு?" என்றாள் அனன்யா. "சந்திரம்மா ஆன்ட்டி பேசறதக் கேட்டுக் கேட்டு வந்துடுச்சு."

"அப்பா டாக்டர்கிட்ட பேசறதும்?"

"எல்லாம்." போர்வை நுனியை முறுக்கினாள். "மருந்து வேல செய்யல. தெரியும்க்கா. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. பாவம் அவரு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டாவது இருக்கட்டும்."

நிருபமா சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே சிக்கல் முற்றியது. டாக்டர் வீணா பாலகுமாரிடம் இரண்டு வழிகளை விளக்கினார். இன்னொரு கடுமையான மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம். கேட்கும் வாய்ப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில், குழாய்களோடு, பெற்றோர் கூட இருக்க முடியாமல் முடியும். அல்லது அதை நிறுத்திவிட்டு, வலியும் மூச்சிரைப்பும் தெரியாமல் பார்த்துக்கொண்டு, பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ்கள் இருக்கிறார்கள். பாலகுமார் யோசிக்கவே இல்லை, மருந்துதான் என்றார். அதோடு நேராக நிருபமாவிடம் வந்தார். புது மருந்து நிச்சயம் குணமாக்கிவிடும் என்று அவள் வாயால் அனன்யாவிடம் சொல்ல வேண்டுமாம். அவள் சொன்னால் பிள்ளை நம்புமாம்.

"நானா போய் எதுவும் சொல்ல மாட்டேன்," என்றாள் நிருபமா. "ஆனா அவ கேட்டா பொய் சொல்ல மாட்டேன். முன்னாடியே உங்ககிட்ட சொல்லிடறேன்."

"உங்க பிள்ளையா இருந்தா இப்பிடிப் பேசுவீங்களா சிஸ்டர்?"

"எம் பிள்ளையா இருந்தா நானும் பொய்தான் சொல்லுவேன். அதுக்குத்தான் பெத்தவங்களத் தவிர நர்ஸுன்னு ஒருத்தி வேணும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ அவளக் கேளுங்க."

குழந்தையிடம் கேட்க என்ன இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அப்பாவின் ரகசியம் ஒரு கையில், மகளின் ரகசியம் மறு கையில். இரண்டு பேருமே மற்றவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தார்கள். எந்தக் கையையும் திறக்க நிருபமாவுக்கு உரிமை இல்லை. ஆனால் சும்மா இருந்தால் அந்தப் பிள்ளை கேட்காத மருந்து அதன் உடம்பில் ஏறிவிடும்.

மறுபடி கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "உனக்கு இன்னா வேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள் அனன்யா. அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும். அந்த மருந்து வேண்டாம். போன தடவை வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்கவில்லை. சொன்னால் அப்பா அழுவார்.

"அழுவாருதான். அழட்டும், ஒண்ணும் ஆவாது," என்றாள் நிருபமா. "நான் சொல்லட்டுமா, டாக்டர் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?"

டாக்டரிடம் மட்டும் நிருபமா சொல்லிவைக்கலாம், அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள் அனன்யா.

மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் வீணா வழக்கத்தைவிட நிதானமாக அந்தக் கட்டிலருகே நின்றார். பாலகுமார் வழக்கம்போலக் கன்னடத்தில், எப்போது மருந்தை ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். டாக்டர் பதில் சொல்லாமல் அனன்யாவைப் பார்த்தார்.

"நனகெ பேடா டாக்டரே," என்றாள் அனன்யா. "மனெகெ ஹோக்தீனி."

எனக்கு வேண்டாம் டாக்டர், வீட்டுக்குப் போகிறேன். உச்சரிப்பு அச்சு அசல் ஆனேக்கல். பக்கத்துக் கட்டிலில் சந்திரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று புரியாமல் சௌம்யா கணவன் முகத்தைப் பார்த்தாள். பாலகுமார் முகத்தில் ரத்தமே இல்லை. தலைமாட்டில் நின்று தான் பேசிய ஒவ்வொரு பேச்சும் அந்த நேரம் அவருக்குள் திரும்ப ஓடியிருக்க வேண்டும்.

"எல்லாம் கேட்டியாம்மா?" என்றார் தமிழில்.

"கேட்டேன்ப்பா. நீங்க நல்லாத்தான் பேசுனீங்க. கொஞ்சம் தப்பு வருது, அவ்ளோதான்."

கட்டில் கம்பியில் தலையை வைத்து அவர் அழுதார். அனன்யா அவர் முடியைக் கோதிவிட்டாள். பிறகு பாலகுமார் தாழ்வாரத்தில் நிருபமாவைப் பிடித்துக்கொண்டு, நீதான் சொல்லிக்கொடுத்தாய் என்று சத்தம் போட்டார். அவள் நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டாள். சொல்லிக் கொடுக்கவில்லை, என்ன வேண்டும் என்று கேட்டேன் என்றாள். சாயங்காலம் அவரே வந்து, வீட்டில் வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நிருபமாவுக்குப் பாதிச் சண்டை ஜெயித்த மாதிரி இருந்தது.

மீதிச் சண்டை மார்ஃபின் என்ற வலி மருந்தோடு. அது ஆளையே முடித்துவிடும் என்று யாரோ சௌம்யாவிடம் சொல்லியிருந்தார்கள். நிருபமா அவளை உட்காரவைத்து, எந்த அளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை, வலி மிஞ்சினால் யாருக்கு போன் என்று சௌம்யா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் வரை விடவில்லை. "மூணு எண்ணுங்க, குடுங்க," என்றாள். சௌம்யா மூன்று எண்ணி, அளவு பார்த்து, மகள் வாயில் ஊற்றினாள்.

ஹெப்பகோடியில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லீவு நாளில் நிருபமா படியேறிப் போனபோது, அனன்யா பால்கனியில் தலையணை சாய்த்து உட்கார்ந்து கீழே தள்ளுவண்டிக்காரியோடு கன்னடத்தில் தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பையோடு சௌம்யா. இத்தனை நாள் அந்த வண்டியில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தவள். "அம்மா, குரல ஏத்திச் சொல்லு," என்று மகள் அதட்ட, அவள் சொல்லிக்கொடுத்த கன்னடத்தைச் சௌம்யா ஏற்றிச் சொன்னாள். வண்டிக்காரி தலையில் அடித்துக்கொண்டு விலையைக் குறைத்தாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்ததில் அனன்யாவுக்கு மூச்சு வாங்கியது. யாரும் பதறவில்லை.

அப்பாவின் கன்னடத்தைத் திருத்தினாள். பிரியாணி கேட்டு இரண்டு வாய் சாப்பிட்டாள். இரவில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் படுத்தாள். டாக்டர் சொன்னதைவிட நிறைய நாள் அப்படி இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை சௌம்யா போன் செய்தாள். நின்று நிதானமாகச் சொன்னாள். முந்தின நாள் மதியம் மூச்சு மாற ஆரம்பித்தது. பாலகுமார் ஆம்புலன்ஸைக் கூப்பிட போனை எடுத்துவிட்டார். நம்பர் போடப் போனவர் நின்றார். மகள் பக்கத்தில் மண்டிபோட்டு, ஆஸ்பத்திரிக்குப் போலாமா கண்ணு என்று கேட்டார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவர் போனைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் ஏறிப் படுத்துக்கொண்டார். பொழுது சாயும்போது போய்விட்டாள். வலி இல்லை.

"அவரு அவகிட்ட கேட்டாரு சிஸ்டர்," என்றாள் சௌம்யா. "யாரு சொல்லியும் இல்ல. அவராவே கேட்டாரு."

நிருபமாவுக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்னால், ஒரு கணம் முன்னால், பாலகுமாரை நினைத்துப் பெருமைதான் வந்தது.