செல்வியின் பேனாவுக்காகப் பேசிய பரீதா

மரக்காணம் நிறுத்தத்தில் பரீதாவுக்காகக் காத்திருந்தேன். கூனிமேட்டிலிருந்து வந்த பேருந்தில் அவள் இல்லை. நடத்துனர்தான் இறங்கி வந்து சொன்னார்: "உன் கூட வர்ற பொண்ணு எறந்து போயிடுச்சு பாப்பா. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில. காய்ச்சலாம்." பள்ளி மணி அடித்த பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.

அவளை நினைத்துக் கூடியிருக்கும் வகுப்புத் தோழிகளே, உங்களுக்கு அவள் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மத சகிப்புத்தன்மை எப்படித் தோன்றியது என்ற கட்டுரைப் போட்டிக்கு அசோகரின் கல்வெட்டு, அக்பரின் சபை, ஐரோப்பாவில் மதச் சண்டைகளுக்குப் பிறகு வந்த சட்டங்கள் என்று எழுதி அவளிடம் காட்டினேன். உப்பளக் கரையில் நடந்தபடியே படித்தாள்.

"எல்லாம் ராஜா குடுத்ததாவே இருக்குதுடி. அடுத்தவங்க சாமிய கும்பிட முடியாதுன்னு சொல்லி அடி வாங்கினவங்க எங்க? அவங்க இல்லாம ராஜாவுக்கு எப்படித் தோணும்?"

"இப்படி எழுதினா மார்க்கு வராதுடி."

"போனா போவுது. நீதான் எப்பவும் வாங்கறியே!"

போன வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் எல்லோரும் பேனாக்களைச் சரஸ்வதி படத்தின் முன் வைத்துப் பூசை செய்தோம். முஸ்லிம் என்பதால் பரீதாவை யாரும் கேட்கவில்லை. உப்பளத் தொழிலாளி மகள் செல்வி, அப்போதுதான் தானாகவே தேவாலயத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அவள் பேனாவைத் தரவில்லை.

"பரீதா பொறப்பே அப்படி. உனக்கு என்னா வந்துச்சு? உன்னால எங்களுக்கும் மார்க்கு போவணுமா?" என்றாள் வகுப்புத் தலைவி கலா. இனி யாரும் செல்வியைத் தங்களோடு படிக்கச் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். செல்விக்குக் கணக்கு வராது. தேறாவிட்டால் உப்பு வாரப் போக வேண்டியதுதான் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

பரீதா எழுந்தாள். "நான் இப்படிப் பொறந்துட்டேன்னு எனக்கு விட்டுக் குடுக்கறீங்க. அவ யோசிச்சு முடிவு பண்ணியிருக்கா. அவளுக்குத்தானே முதல்ல விடணும்?"

"அப்போ நீயும் அவகூடவே போ!"

போனாள். தேர்வு வரைக்கும் இருவரும் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். செல்வி தேறினாள்.

பரீதாவைக் கடைசியாகப் பார்க்கக் கூனிமேட்டில் அவள் வீட்டுக்குப் போனபோது, செல்வி சுவரோரம் மண்டியிட்டுக் கண்களை மூடினாள். உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "ஏம்மா, இங்க அதெல்லாம் வேணாம்மா" என்றார். பரீதாவின் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எம் பொண்ணுக்காகத்தானே ஆண்டவன்கிட்ட கேக்குது. அதுக்குத் தெரிஞ்ச மாதிரி கேக்கட்டும், விடுங்க."

அந்தப் பெண்மணி சற்று நகர்ந்து செல்விக்கு இடம் விட்டார்.

பரீதாவின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்த அறையைத்தான். ஓதுகிறவர்கள் ஓதினார்கள். செல்வி ஜெபித்தாள். எனக்கு எந்த வார்த்தையும் வரவில்லை. ஏன் சும்மா நிற்கிறாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.