குதிரை ராஜாவின் கதையைச் சொன்னவர்

சென்ற மாதம் ஒரு காலையில் அஞ்சலையம்மாளின் மகள் செல்வி தொலைபேசியில் அழைத்து, "அம்மா போயிட்டாங்க டீச்சர்" என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். விடியற்காலை, தூக்கத்திலேயே என்றாள். போனை வைத்துவிட்டு, செய்தித்தாளின் அச்சுப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தும் என் அன்றாடப் பழக்கத்தைத் தொடர்ந்தேன். ஒரு பக்கம் முடிந்த பிறகுதான், ஒரு பிழையைக்கூட நான் குறிக்கவில்லை என்று கண்டேன்.

கள்ளக்குறிச்சியில் அறுபது வயது கடந்த பெண்களுக்கு அஞ்சலையம்மாளைத் தெரிந்திருக்கும். எங்கள் ஊர்த் திரையரங்கில் பெண்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர். கையில் டார்ச், இடுப்பில் செருகிய முந்தானை. நான் அவரை வாழ்நாள் முழுவதும் "வா, போ" என்றுதான் அழைத்தேன். இங்கே "அவர்" என்று எழுதுகிறேன். காலங்கடந்த மரியாதைதான்.

அந்தப் படம் வந்தபோது எனக்குத் திருமணமாகி ஓராண்டு. மங்கோலிய மன்னன் ஒருவனைப் பற்றிய பழைய ஆங்கிலப் படம். வெளியூர்களில் ஓடி முடித்து, கீறல் விழுந்த பிரதியாக எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. அப்போது பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை எனக்குக் கிடைக்க இருந்தது. என் கணவர் எல்லாவற்றையும் போல அதையும் தம் தாயாரிடம் விட்டுவிட்டார். மாமியார் மறுக்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை. "கான்வெண்ட்டுல இன்னாத்த படிச்சிக்கினு வந்தான்னு மொதல்ல பாக்கலாம்" என்றார். அந்த வாரமே, தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, பகல் காட்சிக்கு என்னையும் அழைத்துப் போனார். கதையை நான் சொல்வேன் என்று வழியெல்லாம் அறிவித்துக்கொண்டே வந்தார்.

விளக்கு அணைந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் எனக்கு உண்மை விளங்கிவிட்டது. திரையில் பேசியவர்களின் ஒரு வாக்கியமும் எனக்குப் புரியவில்லை. எங்கள் கான்வெண்ட் சிஸ்டர்கள் பேசிய ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லையும் தட்டில் எடுத்து வைப்பது போல இருக்கும். இவர்களோ பாதிச் சொல்லை மென்று, மீதியைக் குதிரைக் குளம்போசையில் விட்டுவிட்டுப் போனார்கள். "இன்னா சொல்றான்?" என்றார் மாமியார். பொறுங்கள் அத்தை என்றேன். சற்று நேரத்தில் மறுபடியும் கேட்டார். முன்வரிசைத் தலைகள் இரண்டு என் பக்கம் திரும்பின. வேலை போனது போலத்தான் என்று நினைத்தேன்.

அப்போது என் இடது காதுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், மூச்சளவில் வந்தது. "அப்பனுக்கு வெஷம் வெச்சிட்டானுங்க. புள்ளைக்கி இன்னும் தெரியாது."

பின்வரிசையில், டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு, அஞ்சலை உட்கார்ந்திருந்தார். நான் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "தந்தைக்கு நஞ்சு வைத்துவிட்டார்கள், மகனுக்கு இன்னும் தெரியாது" என்றேன். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அதன்பின் படம் முடியும்வரை அப்படியே நடந்தது. அவர் தம் தமிழில் சொன்னதை நான் பாடநூல் தமிழில் சொன்னேன். வலப்பக்கம் இருந்த மாமியாருக்கு எதுவும் தெரியவில்லை.

அப்படி ஒரு காட்சியை அதற்குப் பிறகு நான் எங்கும் கண்டதில்லை. மலை முகட்டின்மேல் முதலில் ஒரே ஒரு குதிரை வந்து நிற்கும். பிறகு அந்த முகடு முழுவதுமே குதிரைகளாக மாறி, சரிந்து, நம்மை நோக்கி இறங்கும். பெண்கள் பகுதியில் அத்தனை பேரும் கால்களைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

மன்னனின் மனைவியைப் பகைக் கூட்டத்தார் கவர்ந்து போவார்கள். நெடுநாள் கழித்து, படை திரட்டிப் போய் அவன் அவளை மீட்கும்போது, அவள் கையில் ஒரு குழந்தை இருக்கும். இருவரும் ஏதோ பேசினார்கள். மாமியார் என் முழங்கையைப் பிடித்தார். "கொழந்த யாருது?"

பின்னாலிருந்து குரல் வரச் சிறிது தாமதமானது. "யாருதுன்னு அவன் கேக்கல. கையில வாங்கிக்கினான்."

அதைச் சொன்னேன். மாமியார் பிடித்த கையை விடவில்லை. வெளியே வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, தெருப் பெண்களைப் பார்த்துச் சொன்னார்: "இவ வேலைக்கிப் போவட்டும். நம்ம வூட்டுக்குள்ள வெச்சி இன்னா பண்றது?"

தண்ணீர் குடிக்கும் சாக்கில் நான் வாசலுக்குத் திரும்பினேன். அஞ்சலை அடுத்த காட்சிக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். உனக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூர் அவர் பிறந்த ஊர். பாதை போடுவதற்கு முன், அவர் தந்தை மட்டக்குதிரையில் புளியும் கடுக்காயும் ஏற்றிக் கீழே கொண்டுவருவாராம். "குதிரை தெரியும்ங்க. மனுசன் நடிப்பான், அது நடிக்காது. ஒருத்தன் கிட்ட வரும்போது காத பின்னாடி மடிச்சிதுன்னா அவன நம்பாதீங்க. மீதி, நாலு நாளா பாத்துக்கினு கீறேன், அவ்ளோதான்." பிறகு, "போங்க, அத்த தேடுவாங்க. நல்லா சொன்னீங்க" என்றார். அந்தக் கடைசிச் சொற்களில் கேலி இருக்கிறதா என்று பல ஆண்டுகள் தேடியிருக்கிறேன். இல்லை.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன். கண்டிப்பானவள் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். அஞ்சலையின் மகள் செல்வியும் என் வகுப்பில் படித்தாள். ஒரு முறை அவளைத் தேர்ச்சி பெறாதவள் என்று எழுதினேன். மறுநாள் அஞ்சலை பள்ளி வாசலில் நின்றார். அந்தப் பகல் காட்சியைப் பற்றி இன்று வாய் திறப்பார் என்று நினைத்தேன். மற்ற ஆசிரியைகள் சுற்றி இருந்தார்கள். அவர் விடைத்தாளை வாங்கித் தலைகீழாகவே பிடித்துப் பார்த்துவிட்டு, "பெயில்னா பெயில்தான் டீச்சரம்மா. எங்க தப்புன்னு மட்டும் புள்ளைக்கிக் காட்டிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்காத கேள்விக்கு நான் அன்று மாலைவரை பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் மறைந்த பிறகு, மகன் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துத் தொலைக்காட்சியில் போட்டுக் கொடுத்தான். திரைக்குக் கீழே வசனம் எழுத்தாக ஓடியது. நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, நினைவில் இருந்த அஞ்சலையின் கதையை வரிக்கு வரி ஒத்துப் பார்த்தேன். எனக்கு அப்படித்தான் பார்க்கத் தெரியும். நஞ்சு சரி, துரோகி சரி, இறுதிப் போர் சரி. ஓரிடம் மட்டும் தவறு. மன்னன் கேட்கிறான். "இது யாருடைய பிள்ளை?" என்று தெளிவாகவே கேட்கிறான்.

அதைச் சொல்வதற்காகவே பேருந்தில் வெள்ளிமலைக்குப் போனேன். திரையரங்கு மூடிய பிறகு அவர் மலைக்கே திரும்பியிருந்தார். வாசலில் சாமை காயப்போட்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையால் சாமையைப் பரப்பிக்கொண்டே சொன்னார்: "வாயி கேட்டிருக்கும் டீச்சரம்மா. கை அதுக்கு முன்னாடியே வாங்கிக்கிச்சே. நீங்க பாக்கலியா?"

வீட்டுக்கு வந்து மறுபடியும் பார்த்தேன். குழந்தை அவன் கைக்கு வந்த பிறகுதான் அவன் உதடுகள் அசைகின்றன. எழுத்தைப் படித்துக்கொண்டிருந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை.

காரியத்துக்குப் போயிருந்தேன். கூடத்தில் இருந்த பெண்களில் பலர் என் பழைய மாணவிகள். செல்வி என்னை மற்றவர்களுக்குக் காட்டினாள். "இவங்கதான் எங்க டீச்சர். அம்மாவுக்கு அந்தக் குதிரை ராஜா கதைய சொன்னவங்க. இங்கிலீஷ் படம், டீச்சரம்மா சொல்லித்தான் புரிஞ்சிதுன்னு அம்மா எப்பவும் சொல்லிக்கினே இருப்பாங்க."

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, தம் சொந்த வீட்டுக்குள்ளும், பிள்ளைகளிடமும் அவர் அப்படியே சொல்லி வைத்திருக்கிறார். தலைகுனிய வேண்டிய இடம் அது. ஆனால் எனக்கு அப்போது, அந்த மலை முகடு குதிரைகளால் நிறைவதைப் பார்த்தபோது ஏற்பட்ட அதே திகைப்புத்தான் ஏற்பட்டது.

"இல்லம்மா" என்றேன். "அவங்கதான் எனக்குச் சொன்னாங்க."

செல்வி என்னையே பார்த்தாள். "அந்தக் கொழந்த எடமுமா டீச்சர்?"

அதுவும் என்றேன். பிறகு ஒரு மூதாட்டி, அப்படியானால் அந்தக் கதையைச் சொல்லுங்கள் என்றார். முதலிலிருந்து சொன்னேன். அஞ்சலையம்மாளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் கதை ஒன்றுதான். அதிலும், நான் எதையும் திருத்தாமல், அவர் சொன்னபடியே உள்ள கதை. அந்த இடம் வந்தபோது, என் வாழ்நாளில் எந்த மாணவியையும் எழுத விட்டிராத தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்:

"யாருதுன்னு அவன் கேக்கல. கையில வாங்கிக்கினான்."