சிகரெட் விற்காத டீக்கடை

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோர டீக்கடை. காலை ஏழு மணி. நான் சிகரெட்டை விட்டு இன்று பதினோராம் நாள். வாயில் நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. ஆனாலும் சூடான டீயில் ஒரு வாய் குடித்ததும் மனம் தளர்ந்துவிடுகிறது.

"ஒரு சிகரெட் குடுங்கண்ணே."

கடைக்காரர் சிரிக்கிறார். "நான் விட்டதுலேர்ந்து விக்கறதில்லீங்க."

"எப்படி விட்டீங்க?"

"மச்சான் எலக்ட்ரானிக் சிகரெட் குடுத்தான். அதையும் இழுத்தேன், பீடியையும் இழுத்தேன். ஜாஸ்திதான் ஆச்சு. அப்பறம் டாக்டரு சொல்லி, நீங்க மெல்றீங்களே, அதேதான். ரெண்டு வாட்டி தோத்து, மூணாவது வாட்டி நின்னுச்சு. ஆனா டீ குடிச்சிக்கினே மென்னா அது வேலை செய்யாதுங்க. துப்பிட்டு டீயக் குடிங்க. கால் மணி கழிச்சு வேற மெல்லுங்க."

பதினோரு நாளும் நான் டீயோடுதான் மென்றிருக்கிறேன்! துப்பிவிட்டுக் காத்திருக்கிறேன். அவர் தோற்ற கதைகளைச் சொல்கிறார். கழிவறையில் ஒளிந்து பீடி குடித்தபோது, மனைவி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாராம். "மன்னிப்பு கேட்டப்பறம்தான் தொறந்தா!"

சிரித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்க்கிறேன். அரை மணி ஓடிவிட்டது. சிகரெட்டும் நினைவில்லை, சூயிங்கமும் நினைவில்லை.