ஸ்கிராப் யார்டுக்குப் போன பயணக் குறிப்பு

நாவலாசிரியர்களின் பயணக் குறிப்புகள் என்றால் எனக்குத் தனிப் பித்து. நாவலில் மனிதர் கஞ்சி போட்ட சட்டையோடு நிற்பார். பயணக் குறிப்பிலோ மூட்டைப்பூச்சியையும் ஆறிப்போன காபியையும் நம்மைப் போலவே திட்டுவார். பழைய புத்தகம் சேர்க்கிறவர்கள் முதல் பதிப்புக்கு அலைவதற்கு ஒரு காரணம், ஆசிரியர் கையால் வரைந்த வழிப்படங்கள். மறுபதிப்பில் அவற்றை விட்டுவிடுவார்கள்.

குன்றத்தூரில் இருக்கும் சேகரிப்பாளர் நண்பர் ஒருவர் அப்படியொரு முதல் பதிப்பை, மேலுறைகூடக் கிழியாததை, எனக்கு இரவல் கொடுத்தார். "பொண்ணக் குடுக்கற மாதிரி குடுக்கறேன். பசை, டேப்பு எதுனா பட்டுச்சு, மவுசே போச்சு" என்றார்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் அவ்வப்போது ஃபைவ் எஸ் ஆடிட் என்று ஓர் ஒழுங்கு-சுத்தச் சோதனை வரும். லைனில் வேலைக்கு உதவாத பொருள் கிடந்தால் சிவப்பு அட்டை கட்டி ஸ்கிராப் யார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு ஆடிட் நாளன்று பார்த்து பஸ் தாமதம். லாக்கருக்குப் போகாமல், பஸ்ஸில் படிக்க எடுத்துப்போன அந்தப் புத்தகத்தை டூல் டிராலியில் வைத்துவிட்டேன். சாப்பிட்டு வந்தால் காணோம்.

"டூலும் இல்ல, பார்ட்டும் இல்ல. யார்டுக்குத் தட்டி உட்டேன்" என்றார் சூப்பர்வைசர். "போன மாடு மேய்ஞ்சிட்டுத் திரும்பி வரும். போன புக்கு வருமா?"

வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சை ரசித்திருப்பேன். ஷிஃப்ட் முடிந்ததும் யார்டுக்கு ஓடினேன். ஸ்கிராப் லாரி நிரம்பி, கிளம்பத் தயாராக நின்றிருந்தது.

"இன்னாண்ணே, மூச்சு வாங்குது? இதானே? யாராச்சும் தேடினு வருவாங்கன்னு எடுத்து வெச்சேன்" என்று யார்டு கேட்டின் செக்யூரிட்டிப் பெண் புத்தகத்தை நீட்டினாள். அதற்குப் பிரவுன் தாளில் அட்டை போட்டிருந்தது. வாங்கி ஓரங்களைத் தடவிப் பார்த்தேன்.

"டேப்பு ஒட்டினியாம்மா?"

"டேப்பு எங்கண்ணே கீது இங்க? ஆயில் கையோட தொடுறானுங்கன்னு பசங்க புக்குக்குப் போடற மாதிரி மடிச்சுச் சொருவினேன்."

தாளை மெதுவாக உருவினேன். மேலுறையில் ஒரு கீறல் இல்லை. வழிப்படங்கள் எல்லாம் இருந்தன. அங்கிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு, தண்ணி குடிண்ணே" என்றவள், பாட்டிலை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "அது சரி, இத எழுதுனவரு குடைய ரயில்ல உட்டுட்டாரே, கெடச்சுதா? அதுக்குள்ள லாரி வந்துட்ச்சு, படிக்க முடில."

"கெடச்சுது. ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்து வெச்சிருந்தார்."

"அப்பாடா! அதே நெனப்பா இருந்துச்சு."

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டி, அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஓடினேன்.