பூக்காரி திருடிய லைன்

முதல் அறை கன்னத்தில் விழுந்தது. அடுத்து என் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தூணில் அடித்தார். கண்ணாடி நொறுங்கி மல்லிகைக் கூடைக்குள் சிதறியது. அடித்தவர் எங்கிருந்தோ வந்த ரவுடி இல்லை. லிட்டில் இந்தியாவில் நான் பூக்கட்டி விற்கிற அஞ்சடி நடைபாதையை ஒட்டிய துணிக்கடை முதலாளி. தன் கடைச் சாமி படத்துக்குத் தினமும் என்னிடம்தான் சரம் வாங்குவார்.

“லைன் திருடி” என்று கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது.

இப்போது பூ வாங்க வருகிறவர்கள் கையில் காசு வைத்திருப்பதில்லை. போனில் ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். வந்து சேர்ந்ததா என்று பார்க்க என் போனிலும் இன்டர்நெட் லைன் வேண்டும். தீபாவளிக்கு அவர் தன் கடைக் கண்ணாடியில் வைஃபை இலவசம் என்று அட்டை ஒட்டினார். பாஸ்வேர்ட் கிடையாது. பண்டிகை முடிந்ததும் அட்டையைக் கிழித்துப் போட்டார், லைனை மூடவில்லை. என் போன் தானாக அதில் போய் ஒட்டிக்கொண்டது. நானும் விட்டுவிட்டேன். வேண்டாம் என்று அவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கடை திறந்ததும் வந்த முதல் அம்மா பட்டுப்புடவை எடுத்தார். கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். வெள்ளிக்கிழமை போணி கெட்டால் அந்த வாரமே விளங்காது என்று நம்புகிற தெரு எங்களுடையது. மெஷினை அறைய முடியாது. வெளியே நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லைனை நான் தின்றதால்தான் மெஷின் நின்றது என்று முடிவு கட்டிவிட்டார்.

போனை உடைத்துவிட்டு மறுபடி கையை ஓங்கினார். உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கி அவர் நெற்றியில் இறக்கினேன். தோல் பிளந்தது. சட்டையெல்லாம் ரத்தம். அப்படியே என் தண்ணீர் வாளியை உதைத்தார், கட்டி வைத்த மாலைகளை மிதித்தார். பழக்கடை அக்கா என் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இன்னொன்று போட்டிருப்பேன். போடவில்லையே என்று இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

போலீஸ் பாலாயில், ஸ்டேஷன் மேசை முன்னால், அவர் லைன் திருட்டு என்று புகார் கொடுத்தார். அவர் என்னை அடித்ததற்கு நான் புகார் கொடுத்தேன். எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. திருட்டு கேஸ் வந்தால் அஞ்சடி லைசென்ஸ் போய்விடும். அது போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

மலாய்க்கார சார்ஜன் பொறுமையாகக் கேட்டார். அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்தான், திறந்து கிடக்கிற லைனில் போன் ஒட்டிக்கொள்வது அதில் சேருமா என்று மேலே கேட்க வேண்டும் என்றார். அறைந்தது குற்றமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். பிறகு முதலாளியிடம், இலவசம் என்று ஒட்டியது நீங்கள்தானே, இவளிடம் என்றைக்காவது கூடாது என்று சொன்னீர்களா என்று கேட்டார். அது கஸ்டமருக்கு என்று இழுத்தார் முதலாளி. கொஞ்ச நேரத்தில் புகாரை வாபஸ் வாங்கினார்.

நெற்றிக் கட்டோடு என் பக்கம் திரும்பினார். “நான் புகாரை எடுத்துட்டேன் லா, தங்கச்சி. நீயும் எடுத்துடு. ஒரே தெருவுல பொழைக்கணும்.”

“காலையில திருடி, இப்ப தங்கச்சியா அண்ணே?”

சார்ஜன் என்னை எச்சரித்தார். என் புகாரை நான் எடுக்காவிட்டால் ஸ்டூல் அடியும் கேஸாகும், லைசென்ஸுக்கு அதுவும் ஆபத்துதான் என்றார். அவர் சொன்னது புரிந்தது. வாபஸ் வாங்கினால் தெருவில் நான் அடி வாங்கிய திருடியாகத்தான் உட்கார வேண்டும் என்பதும் புரிந்தது.

“அந்தக் கேஸும் வரட்டும் சார்” என்றேன். வாபஸ் தாளில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன்.